பாஸ் மீனுக்கு ஜூன் வரை பொறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாத நீண்ட வார விடுமுறைக்குப் பிறகு வந்த உங்கள் இதழில், கோடைகாலப் பொழுதுபோக்குப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஆற்றங்கரையில் நம்மவர் ஒருவர் ஒரு ஸ்மோல்மவுத் பாஸ் மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சிரிக்கிறார், கீழே கோடை வந்துவிட்டது, தூண்டிலை எடுங்கள் என்கிற மாதிரி ஒரு வரி. வடிவான படம். நல்ல மீனும்தான், வெண்கல நிறம், உடம்பில் மேலிருந்து கீழாகப் போகும் கறுத்த பட்டைகள், சிவந்த கண், ஆற்று மீனுக்கு அது பெரிய உருப்படி. ஆனால் இங்கே கனடாவில், தெற்கு ஒன்ராறியோவின் ஆறுகளில் மே மாதத்தில் பாஸ் பிடிக்க அனுமதி இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் கூடாது, பிடித்துவிட்டுத் திரும்ப விடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அதுவும் கூடாது. மீன்பிடிக் காலம் மூடியிருக்கும்போது அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம்.

படத்தில் இருந்தவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது, உங்கள் பக்கத்தைத் தயாரித்தவருக்கும் தெரிந்திருக்காது. மே இரண்டாம் சனிக்கிழமை இந்தப் பக்கத்து ஆறுகளில் வோல்ஐ என்ற மீனுக்குக் காலம் திறந்துவிடும், கரை முழுக்க ஆட்கள் நிற்பார்கள், லைசென்ஸ் கையில் இருக்கிறது, தண்ணீரும் தெளிந்துவிட்டது, அப்ப பாஸ் மட்டும் ஏன் கூடாது என்று யாருக்கும் தோன்றும். ஏன் கூடாது என்பதைத் தமிழில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இடம் காணாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த முதல் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

குளிர்காலம் முழுக்க ஸ்மோல்மவுத் பாஸ் ஆற்றின் ஆழமான மடுக்களில் அசையாமல் கிடக்கும். வசந்தத்தில் தண்ணீர் மெல்லச் சூடேறி 15, 16 பாகை செல்சியசைத் தொடும்போது ஆண் மீன்கள் ஆழம் குறைந்த இடங்களுக்கு ஏறி வரும். இந்தப் பக்கத்து ஆறுகளில் இது மே கடைசியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை இழுபடும். ஆண் மீன் வேகமான நீரோட்டம் படாத ஒரு மூலையைத் தேடும், பெரிய கல்லின் பின்பக்கமோ விழுந்து கிடக்கும் மரத்தின் ஓரமோ. அங்கே வாலால் சேற்றை அடித்து ஒதுக்கி, சரளைக்கல் தெரிகிற மாதிரி வட்டமாக ஒரு கூடு துப்புரவாக்கும். பெண் மீன் வந்து சில ஆயிரம் முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். அதோடு அதன் வேலை முடிந்தது. மிச்சம் எல்லாம் தகப்பன்தான். செட்டையால் விசிறி விசிறி முட்டைகள் மேல் புதுத் தண்ணீர் ஓட வைக்கும், மண் படியாமல் பார்க்கும், கிட்ட வருகிற எதையும் துரத்தும். குஞ்சுகள் பொரித்துக் கறுப்பாகக் கூட்டமாய் மேலெழுந்த பிறகும் பல நாள் அவற்றைச் சுற்றிக்கொண்டே திரியும். இதெல்லாம் முடிய ஒரு மாதம் ஆகலாம். அந்தக் காலத்தில் அது ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை, காவல் முடியும்போது மெலிந்துபோய் இருக்கும்.

அப்ப பசியில்லாத மீன் ஏன் தூண்டிலைக் கடிக்கிறது? கூட்டுக்குள் வந்த எதிரி என்று நினைத்துத்தான். அதனால்தான் மே, ஜூனில் இந்த மீன் இவ்வளவு இலேசாக அகப்படுகிறது. முழங்கால் அளவு, இடுப்பளவு தண்ணீர், கூடு வெள்ளையாகத் தெரியும், மேலே மீன் நிற்பதும் தெரியும், கண்கூசாத பொலரைஸ்ட் கண்ணாடி போட்டால் கரையில் நின்றே எண்ணலாம். பார்த்துப் போட்டுத் தூக்குவதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் அது வேறு கதை.

வன்னிக் குளங்களின் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விரால் மீனைத் தெரியும். குஞ்சுகள் சிவப்பாகக் கொத்தாய் மேலே வந்து மூச்சு வாங்கும், அடியில் தாயும் தகப்பனும் நிற்கும், குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவே எதைப் போட்டாலும் பெரிய விரால் பாய்ந்து அடிக்கும். அப்படிப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடக்கூடாது என்று சத்தம் போடுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். பாஸ் மீனிலும் அதே கணக்குத்தான், தாய்க்கு மட்டும் அதில் பங்கில்லை.

பிடித்துவிட்டுத்தானே விடுகிறோம், மீன் சாகவில்லையே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஒபினிக்கான் ஏரிக்கரையில் குயின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஒரு உயிரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் முகமூடி போட்டு நீந்தி, பாஸ் கூடுகளுக்கு இலக்கம் வைத்து, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். தகப்பன் மீன் தூண்டிலில் மாட்டி மேலே போன சில நிமிடங்களுக்குள் புளூகில், ரொக் பாஸ், பேர்ச் என்ற மற்ற மீன்கள் எல்லாம் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். திரும்ப விட்ட மீன் களைத்துப்போய்த் தன் கூட்டுக்கு வந்து சேரும்போது பாதி காலியாக இருக்கும், குஞ்சு குறைந்துவிட்டது என்று கண்டால் பல மீன்கள் மிச்சத்தையும் கைவிட்டுப் போய்விடும். போதாக்குறைக்கு இப்போது கிரேட் லேக்ஸ் எனப்படும் பெரிய ஏரிகளிலும் அவற்றில் விழுகிற ஆறுகளின் கீழ்ப்பகுதிகளிலும் கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல் தண்ணீரோடு வந்த ரவுண்ட் கோபி என்ற சின்ன மீன் நிறைந்து கிடக்கிறது, முட்டை தின்பதில் அது எல்லாரையும் முந்தும். இன்னொன்றையும் அந்த ஆய்வுகள் காட்டின, எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான். எந்தத் தகப்பன் மீன் கூட்டை மிக மூர்க்கமாகக் காக்கிறதோ அதுதான் தூண்டிலையும் முதலில் அடிக்கிறது. பெரிய மீன், நிறைய முட்டை கிடைத்த மீன், நல்லாய்க் காக்கிற மீன், அதையே நாம் தேடிப் பொறுக்கி எடுக்கிறோம். இங்கத்தைய குளிரில் ஒரு பாஸ் பன்னிரண்டு அங்குலம் வளரவே நாலைந்து ஆண்டு செல்லும்.

சரி, வோல்ஐக்கோ பைக் என்ற மீனுக்கோ போட்ட தூண்டிலில் பாஸ் வந்துவிட்டால் என்ன செய்வது? அது நடக்கும், அதில் குற்றம் இல்லை. தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி உடனே விட வேண்டும். கைபேசியைத் தேட வேண்டாம், பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், நிறுக்க வேண்டாம். முள்ளின் நுனியில் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் கொளுவியைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் இந்த வேலை இரண்டு செக்கனில் முடியும். அடுத்ததும் பாஸ்தான் வந்தால் நீங்கள் கூடுகளின் மேல் நிற்கிறீர்கள் என்று அர்த்தம், வேறு இடம் பாருங்கள்.

திகதி விஷயத்துக்கு வருகிறேன். ஒன்ராறியோவை மீன்பிடிக்காக 20 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ரொறன்ரோ, சிம்கோ ஏரி, கிராண்ட் ஆறு எல்லாம் 16ஆம் மண்டலம். பீற்றர்பரோ பக்கம், ஒட்டனாபி ஆறு போனால் 17. ஒன்ராறியோ ஏரி 20. பாஸ் திறக்கும் நாள் இந்தத் தெற்கு மண்டலங்களில் ஜூன் மாதத்து மூன்றாம் சனியோ நான்காம் சனியோ, மண்டலத்தைப் பொறுத்தது, சில இடங்களுக்கு அதற்கும் மேல் தனி விதி இருக்கும். அது இடைக்கிடை மாறுவதால் ஒவ்வொரு ஆண்டும் அரசு வெளியிடும் விதித்தொகுப்பில் அந்த ஆண்டுக்குப் பார்க்க வேண்டும். போன வருடம் அண்ணை சொன்னவர் என்பது மீன்வள அதிகாரியிடம் செல்லாது.

இதில் நம்மவர் கூடுதலாக விழுகிற பள்ளம் தந்தையர் தினம். அந்த வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் லைசென்ஸ் இல்லாமலே ஒன்ராறியோவில் மீன் பிடிக்கலாம், நல்ல ஏற்பாடு, குடும்பம் குடும்பமாகக் கூலரும் றோல்சும் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கும் காலம் திறந்துவிட்டது என்பதற்கும் தொடர்பில்லை. சில ஆண்டுகளில் சில மண்டலங்களில் அந்த நாளில் பாஸ் இன்னும் மூடித்தான் இருக்கும், தண்ணீருக்குள் தகப்பன் மீன்கள் இன்னும் குஞ்சு காத்துக்கொண்டிருக்கும். தந்தையர் தினத்தில் தகப்பனைப் பிடிப்பது, என்ன சொல்ல. அதே மாதிரிப் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அறுபத்தைந்து தாண்டிய கனடா வாசிகளுக்கும் லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை, வயதைக் காட்டும் அடையாள அட்டை போதும், ஆனால் காலமும் எண்ணிக்கையும் அவர்களுக்கும் உண்டு. அம்மம்மாவின் பெயரிலும் எண்ணி ஆறு மீன் என்று கணக்குக் காட்டுகிற கெட்டிக்காரர்கள், அம்மம்மா தானே தூண்டில் போட்டிருந்தால்தான் அது அவர் மீன் என்று தெரிந்துகொள்ளட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மீன் பிடிக்கவே வேண்டாம் என்று எழுதுகிறேன் என நினைக்காதீர்கள். காலம் திறந்த பிறகு, ஜூன் கடைசியிலும் ஜூலை முதல் பாதியிலும், ஆற்றில் இறங்கி ஸ்மோல்மவுத் பிடிப்பது போன்ற ஒரு சுகம் இந்த நாட்டுக் கோடையில் எனக்கு வேறு கிடைத்ததில்லை. படகு வேண்டாம், காட்டேஜ் வேண்டாம். பழைய சப்பாத்து ஒன்று, ஆறரை அல்லது ஏழு அடித் தடி, ஆறு எட்டு இறாத்தல் தாங்கும் தங்கூசி, சட்டைப்பையில் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டி. இவ்வளவும் போதும்.

நான் போவது பெரும்பாலும் கிராண்ட் ஆறு, பாரிஸ் என்ற சின்ன ஊரிலிருந்து கீழே பிரான்ட்போர்ட் பக்கம். ஸ்காபரோவிலிருந்து விடியப் புறப்பட்டால் 401 நெரிய முதல் போய்விடலாம். நித் ஆறு வந்து கலக்கிற இடம், சரளைக்கல் அடி, தெளிந்த தண்ணீர், இரண்டு பக்கமும் மரம். அந்தப் பகுதியில் என்ன தூண்டில் போடலாம், மீனை வைத்துக்கொள்ளலாமா என்பதற்குத் தனி விதிகள் இருக்கின்றன, போக முதல் பார்த்துவிட்டுப் போங்கள். வேறு ஆறு தேடுபவர்களுக்கு மெயிற்லண்ட், சோகீன், தேம்ஸ் என்று தென்மேற்கில் வேறு ஆறுகளும் இருக்கின்றன, எல்லாவற்றிலும் இந்த மீன் உண்டு, ஆனால் எல்லாமே தூரம்தான்.

கூடு விட்டு வந்த மீனுக்குப் பசி. ஆனால் நாள் முழுக்க ஓடித் திரிந்து தின்னாது, நீரோட்டம் தன்னிடம் கொண்டுவருவதைத் தின்னத்தான் அதற்கு விருப்பம். ஆகவே வேகமாக ஓடும் தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசுகிற கோட்டைப் பாருங்கள், மேலே நுரை மெல்லிய வரியாகப் போகும், அந்த வரியின் மெதுவான பக்கத்தில் மீன் நிற்கும். கல்லின் பின்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள், முன்பக்கத்திலும் தண்ணீர் மோதித் தேங்குகிற ஒரு சின்ன இடம் உண்டு, சில வேளை பெரியது அங்கேதான் நிற்கும். அலம்பி ஓடுகிற ஆழமில்லாத பகுதி முடிந்து மடு தொடங்குகிற விளிம்பு காலையிலும் பின்னேரத்திலும் நல்லது. நண்பகல் வெயிலில் பாலத்து நிழல், ஆழமான மடு. கீழிருந்து மேல்நோக்கி நடப்பது என் வழக்கம், கிளறிய சேறு பின்னால் போய்விடும், மீனும் மேல்நோக்கித்தான் பார்த்துக்கொண்டு நிற்கும், உங்களைக் காணாது.

தூண்டில் என்ன? இந்த ஆறுகளில் பாஸ் மீனின் முதல் சாப்பாடு கிரேபிஷ், கல்லுக்கு அடியில் கொடுக்கோடு ஒளிந்திருக்கும் நன்னீர் இறால் வகை. அந்த மண்ணிறத்தில், பச்சை கலந்த பழுப்பில், ரியூப் என்ற போலி இரை மென்மையான பிளாஸ்ரிக்கில் வரும், உள்ளே மூன்று நாலு கிராம் ஈயத் தலை வைத்த முள்ளைச் செருக வேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே, கொஞ்சம் மேல்பக்கமாக எறிந்து, அடியைத் தொட விட்டு, நீரோட்டமே அதைக் கல்லுக்குக் கல் உருட்டிக்கொண்டு வர விடுங்கள். நீங்கள் செய்யவேண்டியது தங்கூசி தொய்யாமல் பார்ப்பது மட்டும். கல்லில் மாட்டும், அறுபடும், நாளுக்கு அரைவாசிப் பெட்டி காலியாகும், அதுவும் செலவில் சேர்த்தி. கடிப்பது பெரிய இழுவையாக வராது, கல்லில் இடிக்கிற தட்டுக்கு நடுவே ஒரு தட்டு மட்டும் உயிருள்ளதாக இருக்கும், பழகினால்தான் பிடிபடும். பிள்ளைகளுக்கு, தண்ணீரில் சுழலும் தகடு வைத்த சின்ன ஸ்பின்னர் கொடுங்கள், எறிந்து சுற்றினால் போதும், சலிக்காது. பின்னேரம் காற்று அடங்கிப் பூச்சிகள் தண்ணீர்மேல் பறக்கத் தொடங்கினால் மேலே மிதக்கும் பொப்பர் என்ற போலி இரையைக் கட்டுங்கள். இந்த மீன் மாட்டியதும் அடிக்குப் போகாது, மேலே பாயும், ஒருமுறை அல்ல, கை நடுங்க வைக்கும். சின்ன உருப்படிக்குக்கூட அவ்வளவு கோபம்.

உயிருள்ள கிரேபிஷையே போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் எந்த ஆற்றில் பிடித்தீர்களோ அதே ஆற்றில்தான், வாளியில் போட்டுக் காரில் ஏற்றி இன்னொரு ஆற்றுக்குக் கொண்டுபோவது சட்டப்படி தவறு, செத்ததைக்கூடக் கொண்டுபோகக் கூடாது. தனி விதியுள்ள பகுதிகளில் எந்த உயிர் இரையுமே போட முடியாமல் இருக்கலாம். ரஸ்ரி கிரேபிஷ் என்ற வெளி இனம் மீன்பிடிக்காரரின் இரைவாளிகளாலும்தான் ஒன்ராறியோவின் பல ஏரிகளுக்குப் பரவியது.

கிராண்ட் ஆற்றைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல், மன்னியுங்கள், எழுதாமல் விட மனம் வரவில்லை. 1784இல் அந்த ஆற்றின் இரண்டு கரையிலும் ஆறு ஆறு மைல் நிலம் பிரித்தானிய அரசால் ஆறு தேசங்கள் என்று அழைக்கப்படும் பூர்வகுடி மக்களுக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்டது. அதில் ஒரு சிறு பகுதிதான் இன்று பிரான்ட்போர்ட்டுக்குக் கீழே அவர்கள் கையில் மிஞ்சியிருக்கிறது. நிலம் போன கதையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த எல்லைக்குள் போய்த் தூண்டில் போடுவதென்றால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று, 1930களில் இந்த ஆறு கோடையில் வற்றி ஊர்களின் கழிவுநீர் மட்டும் ஓடுகிற வாய்க்காலாகக் கிடந்தது. 1942இல் மேலே பெர்கஸ் பக்கம் ஷாண்ட் அணையைக் கட்டி வசந்த வெள்ளத்தைத் தேக்கி, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கினார்கள், பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் முன்னேறியது. இன்று முழங்காலளவு தண்ணீரில் நின்று அடியில் கல் தெரிகிறதென்றால் அது தானாக வந்ததல்ல.

அணை என்றதும் ஞாபகம், பாரிசிலும் கேம்பிரிட்ஜிலும் பிரான்ட்போர்ட்டிலும் குறுக்கே தாழ்ந்த அணைகள் இருக்கின்றன. பார்க்க அழகாகத் தண்ணீர் வழியும், அடியில் சுழன்று கொண்டேயிருக்கும், விழுந்தவரை வெளியே விடாது. நீச்சல் தெரியும் என்பது அங்கே உதவாது. அணைக்கு மேலேயும் கீழேயும் தள்ளியே நில்லுங்கள், மழைக்கு அடுத்த நாள் இறங்காதீர்கள், ஆற்றின் நீரளவை கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு அதிகாரசபை இணையத்தில் போடுகிறது, வீட்டிலேயே பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி போடாமல் கரைக்கே கொண்டுவராதீர்கள்.

சாப்பிடுவது பற்றி. 16ஆம் மண்டலத்தில் பொதுவாக முழு லைசென்சுக்கு ஆறு பாஸ், குறைவாக எடுப்பவர்களுக்கான மலிவான பாதுகாப்பு (கொன்சர்வேஷன்) லைசென்சுக்கு இரண்டு. ஆறு எடுக்கலாம் என்பதற்காக ஆறும் எடுக்க வேண்டும் என்றில்லை. அனுமதியுள்ள இடத்தில் பன்னிரண்டு பதின்மூன்று அங்குலத்தில் ஒன்றோ இரண்டோ எடுத்தால் ஒரு வீட்டுக்குப் பொரியலுக்குப் போதும், பெரியவற்றை விட்டுவிடுங்கள், அவைதான் அடுத்த ஆண்டு கூடு காக்கப் போகிறவை, அதோடு பெரிய மீனில் பாதரசமும் கூட. மாகாண அரசு பல ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் எந்த மீன், என்ன நீளத்தில், மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது, கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அளவு தனியாக இருக்கும். என் அபிப்பிராயம் கேட்டால் பாஸ் பொரித்தால் நல்லாயிருக்கும், குழம்புக்குச் சுமார், கூழுக்குப் போடவே வேண்டாம். கூழுக்கு ஸ்காபரோ கடைகளில் கடல் மீன் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன். இந்த மாதிரிக் கடிதம் வந்தால் உடனே, வந்தேறிகள் விதி மதிக்காதவர்கள், எல்லா மீனையும் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் என்று சொல்பவர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று சிலர் கோபப்படுவார்கள். அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது என்று எனக்குத் தெரியும். ஆசிய முகமுள்ள மீன்பிடிக்காரர்களைச் சிம்கோ ஏரிப் பக்கத்திலும் வேறு ஊர்களிலும் பாலத்திலிருந்தும் துறைமேடையிலிருந்தும் தண்ணீருக்குள் தள்ளியதும், அடித்ததும், சாமான்களை உடைத்ததும் நடந்தது, 2007இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு அதை விசாரித்து அடுத்த ஆண்டு அறிக்கையும் வெளியிட்டது. சட்டத்தைக் காக்கிறோம் என்று சொல்லித்தான் பலர் அதை நியாயப்படுத்தினார்கள். மே மாதத்தில் கூட்டுமேல் தூண்டில் போடுகிற உள்ளூர்க்காரரை நான் நிறையவே கண்டிருக்கிறேன், அவர்களை யாரும் தண்ணீரில் தள்ளவில்லை. ஆகவே இது நம் சனம் மட்டும் செய்கிற பிழை இல்லை. விதியைப் பார்த்துக்கொள்ள மீன்வள அதிகாரிகள் இருக்கிறார்கள், கரையில் நிற்கிற இன்னொருவருக்கு அந்த வேலை இல்லை, உங்களை யாராவது மிரட்டினால் பொலிசுக்குச் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள் என்ற பயத்தில், நாம் ஒருவருக்கொருவர் திகதியைக்கூடச் சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு விஷயம். மே தொடங்கி பாஸ் திறக்கும் சனிக்கிழமை வரை, ஆற்றிலோ ஏரியிலோ பிடித்த பாஸ் படம் யார் அனுப்பினாலும் போடாதீர்கள், போன ஆண்டுப் படம் என்றால் அதைக் கீழே எழுதிப் போடுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு ஆண்டும் மே முதல் இதழில், கோவில் திருவிழாத் திகதிகள் போடுகிற பக்கத்திலேயே, கைப்பிடி அகலத்துக்கு ஒரு பெட்டி தாருங்கள். 16, 17, 20 ஆகிய மூன்று மண்டலங்கள், வோல்ஐ, பைக், பாஸ் மூன்று மீன்கள், திறக்கும் நாள், மூடும் நாள், எத்தனை எடுக்கலாம், லைசென்ஸ் இல்லாத நாட்கள் எவை, அவ்வளவுதான் எழுத்து. அந்த ஆண்டின் விதித்தொகுப்பைப் பார்த்துத் தமிழில் எழுதித் தர நான் தயார், காசு வேண்டாம், பெயரும் போட வேண்டாம். ஏப்ரல் நடுப்பகுதிக்குள் சொல்லிவிட்டால் வசதி, மே வந்தால் நான் வோல்ஐக்குப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்